செப்பேடு காத்த சொல்லும் சபா மேடையும்

(சித்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருமலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வருகிறவர்களைக் கூட்டம் உண்டியலை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். அந்த உண்டியலுக்கு அருகிலேயே ஒரு சிறிய கல் அறை இருக்கிறது. சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். தாள்ளபாக்கம் அறை என்றும் சொல்வார்கள். நகையும் நாணயமும் வைக்கிற இடத்துக்குப் பண்டாரம் என்று பெயர் வைப்பது கோயில் வழக்கம். இங்கே அந்தப் பெயரைப் பாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். தெலுங்குக் கவி தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்களைச் செப்புத் தகடுகளில் வெட்டி, அந்த அறைக்குள் அடுக்கி மூடினார்கள். அவருடைய மகன் பெத்த திருமலாச்சாரியாரும் பேரன் சின்ன திருமலாச்சாரியாரும் சேர்ந்து செய்த வேலை இது. 2,000-க்கும் மேற்பட்ட தகடுகள். அவற்றில் இன்று நமக்குக் கிடைப்பவை சுமார் 13,000 பாடல்கள். அவர் பாடியவை 32,000 என்பது மரபு. அப்படியானால் பாதிக்கு மேல் போய்விட்டது என்று கணக்கு.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். கோயிலுக்காக, ஒரு சேவைக்காக, ஒரு வேளைக்காகப் பிறந்த பாட்டை, டிக்கெட் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ரசிகர்கள் முன்னால் எப்படிப் பாடுவது? எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? அன்னமாச்சாரியாரை வைத்து இதைப் பேசுவதற்கு நம் வட்டாரத்தை விடப் பொருத்தமான இடம் கிடையாது. மலை இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசுகிறவர்கள் நாம்.

முதலில் அந்தத் தகட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தெலுங்கு எழுத்து, நெருக்கமான வரிகள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயர் இருக்கும்: சாமந்தம், பாடி, ராமக்ரியா, தேசாக்ஷி, குண்டக்ரியா, ஸ்ரீராகம், பௌளி, முகாரி, ஆஹிரி. பிறகு பல்லவி. பிறகு மூன்று சரணங்கள். அவ்வளவுதான். ஸ்வரக் குறிப்பு கிடையாது. ராகத்தின் பெயரைச் சொன்னால் போதும், பாடத் தெரிந்தவன் பாடிவிடுவான் என்ற நம்பிக்கையில் வெட்டிய தகடு அது. அந்த நம்பிக்கை அன்றைக்கு நியாயமானது. அவர் பாட்டைப் பாடிக்காட்டக் குடும்பமே இருந்தது, சேவையில் பாடும் வழக்கம் இருந்தது. மெட்டை எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அன்னமாச்சாரியார் 1408-இல் பிறந்து 1503-இல் மறைந்தவர். பதினாறு வயதில், 1424-இல், பெருமாள் தரிசனம் தந்தார் என்றும் அன்று முதல் கடைசி நாள் வரை பாடிக்கொண்டே இருந்தார் என்றும் செப்பேடே சொல்கிறது. அந்தக் காலத்தில் வேங்கடமகி இல்லை. அவர் 72 மேளங்களை வகுத்தது 17-ஆம் நூற்றாண்டில். வயலின் நம் சங்கீதத்துக்குள் வர இன்னும் முந்நூறு ஆண்டுகள் இருந்தன. நாம் இன்று கச்சேரி என்று நினைக்கிற பத்ததியை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்தது ஏறத்தாழ நூறாண்டுச் சங்கதி. ஆகவே, அன்னமாச்சாரியாரை அவர் பாடியபடியே பாடுகிறேன் என்று யாராவது சொன்னால் அது பக்தியில் சொல்வது. சரித்திரம் அப்படிச் சொல்லாது.

தகடுகள் மறைந்து கிடந்த கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 1816. காம்ப்பெல் என்ற கம்பெனி அதிகாரி தெலுங்கு இலக்கண நூல் ஒன்றை அந்த ஆண்டு வெளியிட்டார். திருமலையில் செப்பேடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, இலக்கணம் ஏதாவது அகப்படும் என்று தேடினார். அகப்பட்டவை பெருமாள் மேல் பாடிய பாடல்கள். இலக்கணம் தேடியவருக்கு அவற்றால் பிரயோஜனம் இல்லை, விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நூறாண்டு ஓடியது. 1922-வாக்கில்தான் தேவஸ்தானத்தில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி அவற்றைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளைப் படித்தெடுத்தவர் அவர். அந்தக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ் என்பதை இந்த அவையில் சொல்வதில் எனக்குச் சந்தோஷம்.

பிறகு பண்டிதர்கள் வந்தார்கள். விஜயராகவாச்சாரியார், வேட்டூரி பிரபாகர சாஸ்திரி. இன்னொரு பேரன் சின்னண்ணா எழுதிய அன்னமாச்சாரிய சரித்திரத்தைப் பிரபாகர சாஸ்திரி நீண்ட முன்னுரையோடு 1949-இல் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார். அந்த வேலையைத் தொடர வந்தவர் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா. மைசூரில் தெலுங்குப் பேராசிரியராக இருந்தவர்; அதே அளவுக்குச் சங்கீத வித்வான். செய்யுளும் ஸ்வரமும் ஒருவர் கையிலேயே இருந்தது நம் பாக்கியம். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு அவர் மெட்டமைத்து ஸ்வரப்படுத்தினார். 1978-இல் தேவஸ்தானம் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கியது. கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் அந்த ஆண்டில்தான் பணிக்கு வந்தார். அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு மெட்டுப் போட்டார். 2025 மார்ச்சில் திருப்பதியில் அவர் காலமானபோது, மலைப் பாட்டுக்கு இத்தனை காலம் ஒலித்த ஒரு குரலே நின்றுபோனதாக நம்மில் பலர் உணர்ந்தோம்.

தமிழ்நாட்டுக்கு அன்னமாச்சாரியார் வந்தது எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் குரல் வழியாக. தேவஸ்தானத்தின் செயல் அலுவலராக பி.வி.ஆர்.கே. பிரசாத் இருந்த காலத்தில் பாலாஜி பஞ்சரத்னமாலா என்ற ஐந்து இசைத்தட்டுத் தொகுதி வெளிவந்தது. அதில் வரும் அன்னமாச்சாரியார் பாடல்களை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் நெதுநூரி கிருஷ்ணமூர்த்தி. அப்போது எம்.எஸ். அறுபது வயதைத் தாண்டியவர், உலகம் முழுவதும் பாடி முடித்தவர். அந்த நிலையில் ஒரு மாணவியைப் போல உட்கார்ந்து, ஒவ்வொரு தெலுங்குச் சொல்லையும் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டு பாடினார். தட்டைக் கேட்டால் அந்த உழைப்பு காதில் விழும். சொல் உடையவே உடையாது.

நம் சித்தூரையும் இங்கே நினைக்க வேண்டும். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையின் சீடர், மதுரை சோமுவின் குரு, 1954-இல் சங்கீத கலாநிதி. அவர் பயின்ற காலத்தில் அன்னமாச்சாரியாரின் பாடல்கள் அச்சிலேயே இல்லை. தாலாட்டாகவும் பஜனையாகவும் வாய்வழியாக வந்த ஒன்றிரண்டைத் தவிர ஒரு வித்வானுக்குக் கிடைக்க வழியே இல்லை. இவ்வளவு பெரிய லயஞானி, மலைக்கு இவ்வளவு பக்கத்தூர்க்காரர். அவர் இளமையில் அந்தத் தகடுகள் இருட்டில் கிடந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இப்போது கொஞ்சம் வெளியே போய்வருவோம். நான் கேட்கிற கேள்வியை ஐரோப்பாவிலும் இருநூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யோஹான் செபாஸ்டியன் பாக் 1723-இல் லைப்ஸிக் நகரத்துக்கு வந்து, அங்கிருந்த தேவாலயங்களின் ஞாயிறு வழிபாட்டுக்குக் காண்டாட்டாக்கள் எழுதினார். காண்டாட்டா என்றால் குழுவாகவும் தனியாகவும் பாடும் பகுதிகள் சேர்ந்த ஒரு பாட்டுத் தொடர். அன்றைய வேதபாடம் எதுவோ அதையொட்டிப் பாட்டு. பாட்டை அடுத்துப் பிரசங்கம். சுமார் இருநூறு காண்டாட்டாக்கள் இன்று கிடைக்கின்றன. 1750-இல் அவர் மறைந்த பிறகு அந்தப் பாட்டு பெரும்பாலும் அலமாரிக்குள் போயிற்று. 1829-இல் மெண்டெல்ஸோன் என்ற இருபது வயது இளைஞர் பெர்லினில் பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ என்ற தேவாலய இசைப் படைப்பை அரங்கேற்றிய பிறகுதான் கதவு திறந்தது. அதுவும் தேவாலயத்தில் நடக்கவில்லை, கச்சேரி மண்டபத்தில் நடந்தது.

அன்றிலிருந்து அவர்களுக்குள் ஓயாத விவாதம். எத்தனை பேர் பாடுவது, பழைய காலத்து நரம்புக் கருவிகளா இன்றைய கருவிகளா, பெண்கள் பாடலாமா சிறுவர்கள்தான் பாட வேண்டுமா? ஹார்னன்கோர்ட்டும் லெயோன்ஹார்ட்டும் 1971 தொடங்கி 1989 வரை பழைய கருவிகளோடு எல்லாக் காண்டாட்டாக்களையும் பதிவு செய்தார்கள். 2000-ஆம் ஆண்டில் ஜான் எலியட் கார்டினர் ஒரு குழுவோடு தேவாலயம் தேவாலயமாகப் போய், எந்த ஞாயிற்றுக்கு எழுதிய பாட்டோ அந்த ஞாயிற்றிலேயே பாடினார். ஜப்பானில் மஸாக்கி சுசுகியின் குழு 1995 முதல் 2013 வரை கோபே நகரத்தில் இருந்துகொண்டு அத்தனையையும் பதிவு செய்தது. கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே உள்ள நாடு அது. கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நம்பிக்கை கிடையாது, அந்த மொழியும் தெரியாது. ஆனாலும் கேட்கிறார்கள்.

இந்த ஒப்பீட்டில் என்னை நிறுத்திய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். லைப்ஸிக்கில் தேவாலயத்துக்கு வருகிறவர்களுக்காக, அந்தந்த வாரங்களில் பாடப்போகும் காண்டாட்டாக்களின் சாகித்தியத்தைச் சிறு புத்தகமாக அச்சடித்து விற்றார்கள். ஜெர்மன் பேசுகிற மக்கள், ஜெர்மன் பாட்டு. இருந்தும் சொல் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பல குரல்கள் பின்னிப் பாடும்போது சொல் காதுக்கு எட்டாமல் போகலாம், கண்ணுக்காவது எட்டட்டும் என்று. ஆலயத்திலேயே அப்படியென்றால், தெலுங்கு அறியாத சென்னை ரசிகனுக்கும் மதுரை ரசிகனுக்கும் நாம் என்ன கொடுக்கிறோம்? பாட்டின் முதல் வரி, ராகம், தாளம். சில சபாக்களில் அதுவும் இல்லை.

பாக்குக்கும் அன்னமாச்சாரியாருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே ஸ்வரமும் தாளில் தப்பி வந்தது. ஆகவே அவர்கள் நாதத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். இங்கே மெட்டு போய்விட்டது. தாமிரத்தில் தப்பி வந்தது சொல் மட்டும். கச்சேரி மேடையில் நாம் வெட்டுவதும் அந்தச் சொல்லைத்தான். நான் இன்று இங்கே வந்தது இதைச் சொல்வதற்காக.

எப்படி வெட்டுகிறோம் என்று பார்ப்போம். இரண்டரை மணி நேரக் கச்சேரி. பிரதான ராகம், தனி ஆவர்த்தனம் எல்லாம் முடிந்தாயிற்று. பின்வரிசையில் ஆட்கள் செருப்பைத் தேடுகிறார்கள். பாடகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். துக்கடா வரிசையில் அன்னமாச்சாரியார் வருகிறார்: பல்லவி, நாலு சங்கதி, முதல் சரணம், மறுபடி பல்லவி, மங்களம். இரண்டாம் சரணமும் மூன்றாம் சரணமும் போயே போயிற்று. மூன்றாம் சரணத்தில்தான் வேங்கடேசன் என்ற முத்திரை இருக்கிறது. யாருக்காகப் பாட்டு எழுந்ததோ அவர் பெயர் வருமுன்னே பாட்டை முடித்துவிடுகிறோம்.

நானாடி பதுகு என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதை அறியாத ரசிகர் அபூர்வம். வாழ்க்கை ஒரு நாடகம் என்று தொடங்கும் பாட்டு. முதல் சரணம் பிறப்பையும் இறப்பையும் பேசும். அடுத்தது சோற்றையும் துணியையும் அதற்கான ஓட்டத்தையும் பேசும். கடைசிச் சரணத்தில்தான் பாட்டு மேலே நிமிர்ந்து வேங்கடேசனைக் காட்டுகிறது. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது பெருமாள் பெயரே இல்லாத பாட்டு. அன்னமாச்சாரியார் அப்படி ஒரு பாட்டை எழுதவில்லை. அவர் அகோபிலத்தில் சடகோப யதியிடம் வேதாந்தம் கற்ற வைஷ்ணவர். ஆழ்வார்களின் பிரபந்தம் ஊறிய மரபிலே வந்தவர். உலகத்தைக் கைவிடுவதோடு அவர் பாட்டு நிற்காது, சரணாகதிக்குப் போகும். அந்தப் பயணம் முழுவதும் சரணங்களின் வரிசையில் இருக்கிறது.

நேரம் இல்லை என்பார்கள். மூன்று சரணங்களையும் பாட மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம் கூடும். ராக ஆலாபனையில் ஒரு சுற்றைக் குறைத்தால் அது கிடைத்துவிடும். ஆறு பாட்டைத் துண்டு துண்டாகப் பாடுவதற்கு மூன்று பாட்டை முழுசாகப் பாடட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

மெட்டு விஷயத்தில் என் நிலை வேறு. செப்பேட்டில் நானாடி பதுகுக்கு முகாரி என்றிருக்கிறது. நாம் கேட்பது ரேவதி. நெதுநூரி கொடுத்த மெட்டு. இதைக் குற்றம் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. தேசாக்ஷியும் சாமந்தமும் அன்று எப்படி ஒலித்தன என்று சத்தியம் செய்து சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. பெயர் மாறாத ராகங்களுக்குக்கூட இந்த ஐந்நூறு ஆண்டுகளில் நடை மாறியிருக்கிறது. நல்ல மெட்டு போட்டவர் அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்தவர். ரேவதி இல்லாவிட்டால் அந்தப் பாட்டு இத்தனை லட்சம் வீடுகளுக்குப் போயிருக்காது. நான் கேட்பது ஒரே ஒரு மரியாதை. பாடுவதற்கு முன்னால் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: சாகித்தியம் அன்னமாச்சாரியார், செப்பேட்டு ராகம் இது, நான் பாடும் மெட்டு இன்னார் போட்டது. சினிமாப் பாட்டுக்கு இசையமைப்பாளர் பெயரைச் சொல்கிறோம். ராள்ளபள்ளிக்கும் நெதுநூரிக்கும் பாலகிருஷ்ண பிரசாதுக்கும் மேடையில் அந்தக் கடன் பாக்கி நிற்கிறது. பல ரசிகர்கள் இந்த மெட்டுகளை அன்னமாச்சாரியாரே போட்டவை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் காலத்து வாக்கேயக்கார உழைப்பு அத்தனையும் அப்படி மறைந்துபோகிறது.

சிருங்கார சங்கீர்த்தனங்களுக்கு வருகிறேன். கிடைத்திருக்கும் பாடல்களில் அவைதான் பெரும்பகுதி. பக்தியையும் தத்துவத்தையும் பாடும் அத்யாத்ம சங்கீர்த்தனங்கள் எண்ணிக்கையில் குறைவு. மேடையில் நிலைமை தலைகீழ். அலர்மேல்மங்கையின் ஊடலையும் தோழியின் கேலியையும் விடிகாலையில் அவள் இருக்கும் கோலத்தையும் பாடுகிற பாட்டுகள் சிருங்கார சங்கீர்த்தனங்கள். நாயகி பாவத்தை நம்மாழ்வாரிடமும் திருமங்கையாழ்வாரிடமும் படித்த தமிழனுக்கு இதில் திகைக்க ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டுக்கு முன்னால் யார் பேசுகிறாள், யாரிடம் பேசுகிறாள் என்று சொல்லாமல் பாடினால் கேட்பவர் தடுமாறுவார். கோயிலில் அந்தத் தடுமாற்றம் வராது, வேளையே அர்த்தத்தைச் சொல்லிவிடும்.

இரவு ஏகாந்த சேவையை நினைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் நடந்த கூட்டம் ஓய்ந்த பிறகு, பல்லவ அரசி சாமவை கொடுத்த வெள்ளித் திருமேனியான போக ஸ்ரீனிவாசரைக் கட்டிலில் பள்ளிகொள்ளச் செய்கிறார்கள். தாள்ளபாக்கம் வம்சத்தவர் ஒருவர் தாலாட்டுப் பாடுகிறார். கவிஞர் தரிகொண்டா வெங்கமாம்பாவின் பெயரால் முத்தியால ஹாரத்தி. அந்த அம்மாளின் தரிகொண்டா நம் பழைய சித்தூர் மாவட்டத்து ஊர். அங்கே பாடுகிறவருக்குக் கைதட்டல் கிடையாது, சங்கதி காட்ட வேண்டிய அவசியம் கிடையாது. பாட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலையைச் செய்கிறது. அதே தாலாட்டை மாலை ஆறரை மணிக் கச்சேரியின் நடுவில், மிருதங்கம் துரித காலத்தில் போக, சிட்டை ஸ்வரம் சேர்த்துப் பாடுவதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. தாலாட்டைக் கடைசியில் வையுங்கள், தம்புராவோடு மட்டும் பாடுங்கள். வேளையை மேடைக்குக் கொண்டுவர முடியாவிட்டாலும் வரிசையிலாவது கொண்டுவரலாம்.

வேளை மாறினாலும் பாட்டு வாழும் என்பதற்கும் மலையிலேயே சாட்சி இருக்கிறது. பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய வேங்கடேச சுப்ரபாதம் சந்நிதிக் கதவு திறப்பதற்கான பாட்டு. 1963-இல் எம்.எஸ். அதை இசைத்தட்டில் பாடினார். அதற்குப் பிறகு அது தென்னிந்தியா முழுவதும் காபி கொதிக்கிற அடுக்களைப் பாட்டாகிவிட்டது. அந்தத் தட்டில் அவர் ஒரு சுலோகத்தையும் விடவில்லை. சொல்லை இழுத்து அலங்காரம் செய்யவும் இல்லை. இத்தனை ஆண்டு அது நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உச்சரிப்பைப் பற்றித் தமிழ்ப் பாடகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் தெலுங்குச் சாகித்தியத்தை எழுதும்போது க, ச, ட, த, ப எழுத்துகளின் மேல் 2, 3, 4 என்று எண் போட்டு எழுதுவது நம் வழக்கம். நோட்டிலிருந்து நோட்டுக்குப் படி எடுக்கும்போது முதலில் விழுவது அந்த எண்கள்தான். பிறகு காலம் காலமாக அந்தத் தவறே பாடாந்தரமாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து பதச்சேதம். அன்னமாச்சாரியார் பண்டிதத் தெலுங்கையும் வயல்வெளித் தெலுங்கையும் ஒரே மூச்சில் கலப்பவர். சொல் எங்கே பிரிகிறது என்று தெரியாமல் தாளத்துக்காக நடுவில் மூச்செடுத்தால் அர்த்தமே வேறாகிவிடும். சென்னையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாணவர்களை இந்தப் பக்கம் அழைத்துவர வேண்டும். இங்கே காய்கறி விற்கிற அம்மாள் சொல்லித் திருத்திவிடுவார். அவ்வளவு அருகில் இருக்கிறது அந்த மொழி.

இன்னொன்றும் கேட்கிறார்கள்: நம்பிக்கை இல்லாதவன் முன்னால் இதைப் பாடலாமா, நம்பிக்கை இல்லாதவன் இதைப் பாடலாமா? கோபே நகரத்து அரங்கம் அதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. கேட்பவனிடம் பக்தியை நுழைவுச் சீட்டாகக் கேட்க நமக்கு உரிமை இல்லை. பாடுகிறவர் சொல்லை முழுசாகக் கொடுத்தால், எடுத்துக்கொள்வதும் விடுவதும் கேட்பவர் பாடு. ஆனால் பாடுகிறவர் தானே அர்த்தம் தெரியாமல் பாடினால், பக்தர்கள் நிறைந்த அவையிலும் அது சேராது.

பங்குனி வரும்போது திருப்பதியில் அன்னமாச்சாரியார் நினைவு நாள் நடக்கிறது. சப்தகிரி சங்கீர்த்தனங்கள் என்று ஏழு பாடல்களைக் கோஷ்டியாகப் பாடுகிறார்கள், திருவையாற்றுப் பஞ்சரத்தினம் மாதிரி. சித்தூரிலும் நாம் ஒரு மாலையை ஒதுக்கலாம். ஒரே சாகித்தியத்தை முதலில் செப்பேட்டு ராகத்தில், பிறகு வழக்கத்தில் உள்ள மெட்டில், இரண்டையும் மூன்று சரணங்களோடு பாடச் சொல்லலாம். முகாரியில் நானாடி பதுகு எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. ஒருவேளை ரேவதியே நன்றாக இருக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் முடிவு கட்டுவோம். கேட்டுவிட்டு முடிவு கட்டுவோமே.

இப்போது உங்கள் கைக்கு ஒரு தாள் வரும். இன்று பாடப்போகும் நான்கு சங்கீர்த்தனங்களின் சாகித்தியம் தமிழ் எழுத்தில், எண்களோடு, எதிரே பொருளோடு இருக்கிறது. மெட்டமைத்தவர் பெயர் ஒவ்வொன்றின் கீழும் இருக்கிறது. பாட வருகிறவரிடம் எல்லாச் சரணங்களையும் பாடும்படி கேட்டுக்கொண்டேன்; ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.